ஓடும் படத்தில் ஒரு முகம்: அன்றும் இன்றும்

1999-ஆம் ஆண்டு. மதுரை டவுன்ஹால் ரோட்டில் ஒரு மாடியறை. கல்யாண வீடியோக்களுக்கு மிக்சிங் செய்யும் கடை அது. நான் அங்கே வேலைக்குச் சேர்ந்து ஓராண்டு ஆகியிருந்தது. ஒரு நாள் சாயங்காலம் ஐம்பது வயதிருக்கும் ஓர் அம்மா மூச்சு வாங்கப் படியேறி வந்தார். மஞ்சள் பையிலிருந்து ஒரு வீடியோ கேசட்டை எடுத்து மேசைமேல் வைத்தார்.

"எங்க வீட்டுக்காரரு இதுல மட்டும்தான் நல்லா இருக்காரு தம்பி. ஓட்டுப் போடுற அட்டையில மூஞ்சியே தெரியல. பதினாறாம் நாளுக்கு மாலை போட ஒரு படம் வேணும். எடுக்க முடியுமா?"

கேசட்டை டெக்கில் போட்டோம். தங்கை மகள் கல்யாணம். அந்த மனிதர் பந்தியில் சாம்பார் வாளியோடு குனிந்து குனிந்து பரிமாறிக்கொண்டிருக்கிறார். ஒரே ஒரு தடவை நிமிர்கிறார். வீடியோ லைட்டைப் பார்த்துச் சிரிக்கிறார். இரண்டு வினாடி இருக்கும். மறுபடி குனிந்துவிடுகிறார்.

நம் நாட்டில் பின்பற்றப்பட்ட பால் ஒளிபரப்பு முறையில் ஒரு வினாடிக்கு 25 படங்கள் ஓடும். இரண்டு வினாடிக்கு 50. அந்த ஐம்பதில் ஒன்றைப் பிடித்து நிறுத்திக் காகிதத்துக்குக் கொண்டுவர வேண்டும். எங்களுக்கு அது இரண்டு நாள் வேலையாக இருந்தது. இன்று அதே வேலைக்கான கருவி சட்டைப் பையில் அடங்குகிறது; செருகினால் அரை நிமிடத்தில் படம் வருகிறது. இந்த வசதி வந்ததில் எனக்கு மகிழ்ச்சிதான். ஆனாலும் இருபத்தைந்து ஆண்டுகளாக இந்த வேலையைச் செய்துவருகிறவன் என்ற முறையில் ஒரு கவலையும் இருக்கிறது. அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

டிவியைப் போட்டோ எடுத்த காலம்

கணினி வருவதற்கு முன்பும் கேசட்டிலிருந்து படம் எடுத்துத் தந்தார்கள். எங்கள் கடை அண்ணன் அப்படித்தான் தொழில் கற்றவர். அறையை இருட்டாக்குவார்கள். டிவிக்கு நேர் எதிரே ஸ்டாண்டில் பிலிம் கேமராவை நிறுத்துவார்கள். பிளாஷ் கூடாது, அடித்தால் கண்ணாடியில் வெள்ளைப் பொட்டுதான் விழும். டெக்கில் 'பாஸ்' அழுத்திப் படத்தை நிறுத்திவிட்டு கிளிக் செய்ய வேண்டும்.

இதில் ஒரு சூட்சுமம் இருந்தது. டிவி ஒரு முழுப் படத்தைத் திரையில் வரைந்து முடிக்க வினாடியில் 25-ல் ஒரு பங்கு நேரம் எடுத்துக்கொள்ளும். கேமராவின் ஷட்டர் அதைவிட வேகமாக மூடிவிட்டால் படத்தில் பாதி வரையப்படாமல் கறுப்புப் பட்டையாக நிற்கும். அதனால் 15-ல் ஒரு பங்கு அல்லது 8-ல் ஒரு பங்கு வினாடி என்று ஷட்டரை மெதுவாக வைப்பார்கள். பிலிம் சுருள் முழுவதும் எடுத்துக் கழுவிப் பிரிண்ட் போட்டால்தான் படம் விழுந்ததா இல்லையா என்று தெரியும். திரையின் வளைவு, வரி வரியான கோடுகள், கண்ணாடியில் தெரியும் ஜன்னல் வெளிச்சம் எல்லாம் சேர்ந்துதான் வரும். அப்படி எடுத்த படங்கள் இன்றும் பல வீட்டுச் சுவர்களில் மாலையோடு இருக்கின்றன.

பேட்டரி போட்ட பெட்டி

ஓடும் வீடியோவிலிருந்து ஒற்றைப் படத்தைப் பிடிக்க என்றே ஒரு கருவி 1996-ல் அமெரிக்காவில் வந்தது. பிளே என்ற நிறுவனத்தின் 'ஸ்னாப்பி'. கணினியின் பின்னால் பிரிண்டர் வயரைச் செருகும் பேரலல் போர்ட்டில் இதைச் செருக வேண்டும். உள்ளே ஒரு 9 வோல்ட் பேட்டரி. கேபினெட்டைத் திறக்க வேண்டியதில்லை, கார்டு போட வேண்டியதில்லை. திரையில் இருக்கும் பொத்தானை அழுத்தினால் அந்தக் கணத்தின் படம் கணினிக்குள் வந்துவிடும். 1500-க்கு 1125 புள்ளிகள் வரை பெரிதாகப் படம் தரும் என்பது அதன் பெருமை.

பேரலல் போர்ட் பிரிண்டருக்காக உண்டானது; பழைய முறையில் வினாடிக்கு சுமார் 150 கிலோபைட்தான் கடக்கும். ஒரு முழு வண்ணப் படத்தின் எடையோ 1.2 மெகாபைட். 720 புள்ளி அகலம், 576 வரி உயரம், புள்ளிக்கு 3 பைட் என்று பெருக்கிப் பார்த்தால் வரும் கணக்கு இது. ஒரு படம் கடக்கவே எட்டு வினாடி. 1.44 எம்.பி. பிளாப்பியில் ஒரே ஒரு படத்தைத்தான் வைக்க முடியும். ஓடும் படத்தைப் பிடிக்க வழியில்லாத அந்தக் காலத்துக்கு, நின்ற படத்தை மட்டும் பிடிக்கும் கருவி பொருத்தமாகவே இருந்தது.

கேபினெட்டைத் திறந்த இரண்டு நாள்

எங்கள் கடைக்கு ஸ்னாப்பி வரவில்லை. சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டிலிருந்து அண்ணன் வாங்கி வந்தது ஒரு டிவி டியூனர் கார்டு. புரூக்ட்ரீ நிறுவனம் வடிவமைத்த பிடி878 சிப் அதில் இருந்தது. அந்தக் காலத்தில் எந்தப் பெயர் போட்ட டியூனர் கார்டைத் திருப்பிப் பார்த்தாலும் பெரும்பாலும் இந்த 848, 878 சிப்தான் இருக்கும். கார்டு வந்து ஒரு வாரமாகப் பிரிக்காமல் கிடந்தது. அந்த அம்மா வந்துபோன இரவு பிரித்தோம்.

கணினியின் நான்கு ஸ்க்ரூவைக் கழற்றி, கையால் இரும்பைத் தொட்டு உடம்பிலிருக்கும் நிலைமின்சாரத்தை இறக்கி, வெள்ளை நிற பிசிஐ ஸ்லாட்டில் கார்டை அழுத்திச் சொருகினோம். விண்டோஸ் 98 புதிய வன்பொருளைக் கண்டுகொண்டு டிரைவர் கேட்டது. சிடியைப் போட்டோம். ரீஸ்டார்ட். கணினி பாதியில் உறைந்து நின்றது.

காரணம் ஐஆர்க்யூ. ஒவ்வொரு கார்டும் "என்னைக் கவனி" என்று பிராசசரைக் கூப்பிடுவதற்கான அழைப்பு எண் அது. அன்றைய கணினியில் மொத்தமே 16 எண்கள். அவற்றில் பலவற்றை விசைப்பலகை, ஹார்டு டிஸ்க் போன்றவை ஏற்கெனவே பிடித்துக்கொண்டிருக்கும். எங்கள் கார்டும் சவுண்ட் கார்டும் ஒரே எண்ணுக்குச் சண்டை போட்டன. கார்டைக் கழற்றி அடுத்த ஸ்லாட், அங்கும் நிற்கவில்லை என்று அதற்கடுத்த ஸ்லாட். ஒவ்வொரு தடவையும் டிரைவரை நீக்கி, மறுபடி போட்டு, ரீஸ்டார்ட். இரவு பதினொரு மணிக்கு மூன்றாவது ஸ்லாட்டில் கணினி பிழைத்து எழுந்தது.

மறுநாள் காலை டெக்கின் மஞ்சள் வயரைச் செருகினோம். படம் வந்தது, ஆனால் கறுப்பு வெள்ளையில், மேலிருந்து கீழே உருண்டுகொண்டே. கார்டு அமெரிக்க முறையான என்டிஎஸ்சியை எதிர்பார்த்து நின்றது. அந்த முறையில் 525 வரி, வினாடிக்கு ஏறக்குறைய 30 படம். நம்முடையது 625 வரி, 25 படம். வண்ணத்தைக் கொண்டுவரும் அலையும் வேறு. பட்டியலில் 'பால் பி' என்பதைத் தேர்ந்தெடுத்ததும் உருளல் நின்றது. மணமகளின் பட்டு, அரக்குச் சிவப்பாகத் திரையில் விரிந்தது. அந்த நொடியில் அறையிலிருந்த மூன்று பேரும் கை தட்டினோம்.

அடுத்த சிக்கல் காத்திருந்தது. திரையில் தெரியும் படத்தை 'பிரிண்ட் ஸ்கிரீன்' அழுத்திப் பிடித்து, பெயின்ட்டில் ஒட்டினால் வெறும் கறுப்புக் கட்டம். அந்தக் கார்டு வீடியோவை விண்டோஸிடம் கொடுப்பதே இல்லை. டிஸ்பிளே கார்டின் நினைவகத்துக்குள் நேராகக் கொட்டிவிடுகிறது. விண்டோஸ் அந்த இடத்தில் ஒரு நிறத்தைப் பூசிவிட்டு ஒதுங்கிக்கொள்கிறது. அதனால் விண்டோஸிடம் படம் கேட்டால் அது தன்னிடம் இருக்கும் பூச்சைத்தான் தரும். கண் பார்ப்பதும் கணினி வைத்திருப்பதும் ஒன்றல்ல என்பதை எனக்குக் கற்றுக்கொடுத்தது அந்தக் கறுப்புக் கட்டம்தான். கார்டோடு வந்த மென்பொருளில் இருந்த 'ஸ்னாப்' பொத்தான் வழியாகத்தான் எடுக்க முடிந்தது.

அப்போதும் முழு அளவில் ஓடும் வீடியோவாகப் பிடித்துவைத்துச் சாவகாசமாகத் தேர்ந்தெடுக்க வழியில்லை. சுருக்காமல் பிடித்தால் வினாடிக்கு 20 மெகாபைட்டுக்கு மேல் கொட்டும். எங்கள் ஹார்டு டிஸ்க்கின் வேகம் அதற்கு ஈடுகொடுக்காது. அதன் மொத்தக் கொள்ளளவே 4.3 ஜிபி. ஆகவே ஒரு கை டெக்கில், ஒரு கை மவுஸில். ஓடவிட்டு, சிரிக்கும் நேரம் பார்த்து அழுத்த வேண்டும். தவறினால் ரீவைண்ட். 'பாஸ்' போட்டு எடுக்கலாம் என்றால் எங்கள் டெக் இரண்டு ஹெட் உள்ளது; நிறுத்தினால் முகத்தின் குறுக்கே வெள்ளைப் பட்டை ஓடும். பக்கத்துக் கடையிலிருந்து நான்கு ஹெட் டெக்கை இரவல் வாங்கினோம். நாற்பது தடவைக்கு மேல் அந்த இரண்டு வினாடியை ஓட்டியிருப்போம். அவர் பெயர் தெரியாது, ஊர் தெரியாது. ஆனால் அவர் எப்படித் தலையைத் தூக்குவார், எப்போது உதடு விரியும் என்று எனக்கு மனப்பாடமாகிவிட்டது.

பிடித்த படத்திலும் முகத்தின் ஓரம் சீப்புப் பல் போல அரிந்திருந்தது. டிவியின் ஒவ்வொரு படமும் இரண்டு பாதிகளால் ஆனது: முதலில் ஒற்றைப்படை வரிகள், 50-ல் ஒரு பங்கு வினாடி கழித்து இரட்டைப்படை வரிகள். அந்த இடைவெளியில் முகம் அசைந்துவிட்டால் இரண்டு பாதியும் பொருந்தாது. ஒரு பாதியை நீக்கினோம். 576 வரியில் 288 தான் மிஞ்சியது. அதைப் பெரிதாக்கி, போட்டோ ஸ்டூடியோவில் டச்சிங் செய்யும் பெரியவர் ஒருவரிடம் கொடுத்து, ஆறுக்கு எட்டு அங்குலத்தில் சட்டம் போட்டோம். அந்த அம்மா வந்து வாங்கினார். கண்ணாடியை முந்தானையால் துடைத்துக்கொண்டே படியிறங்கினார்.

டிரைவர் சிடி மறைந்தது

அதன்பின் மாற்றம் வேகமாக வந்தது. 1995-ல் சோனியின் விஎக்ஸ்1000 தொடங்கிவைத்த டிஜிட்டல் வீடியோ டேப் கேமராக்கள் 2000-க்குப் பிறகு நம் ஊர்க் கல்யாணங்களுக்கும் வந்தன. அவற்றில் படம் ஏற்கெனவே எண்களாக இருந்ததால் ஃபயர்வயர் கேபிளில் அப்படியே நகலெடுத்தால் போதும். ஒரு மணி நேரத்துக்கு 13 ஜிபி.

பழைய கேசட்டுக்கு யுஎஸ்பி துண்டுகள் வந்தன. கட்டை விரல் அளவில், ஒரு பக்கம் யுஎஸ்பி, மறுபக்கம் மூன்று வண்ண வயர். 'ஈஸிகேப்' என்ற பெயரில் கடைகடையாகத் தொங்கியது. வெளியே ஒரே கூடு. உள்ளே ஆளுக்கொரு சிப். எஸ்டிகே1160 ஒன்றில், இஎம்2860 இன்னொன்றில், பெயர் தெரியாத வேறொன்று மூன்றாவதில். கூடவந்த சிடி தொலைந்தால் அந்தத் துண்டு வெறும் பிளாஸ்டிக். 64 பிட் விண்டோஸ் பரவியபோது பழைய கார்டுகள் பலவும் புதிய டிரைவர் கிடைக்காமல் பரணுக்குப் போயின. எங்கள் பிடி878 கார்டும் போனது.

உண்மையான திருப்பம் சத்தமில்லாமல் நடந்தது. 2003-ல் யுஎஸ்பி வீடியோ கருவிகளுக்கென்று யுவிசி என்ற பொது இலக்கணம் வெளிவந்தது. கருவி எந்தக் கம்பெனியுடையதாக இருந்தாலும் "நான் ஒரு கேமரா, இந்த அளவுகளில், இந்த வேகங்களில் படம் தருவேன்" என்று ஒரே மொழியில் கணினியிடம் சொல்லும். 2004-ல் விண்டோஸ் எக்ஸ்பியின் இரண்டாம் சர்வீஸ் பேக்கிலும், 2008-ல் லினக்ஸ் கெர்னலிலும் இந்த மொழி சேர்ந்தது. அதன்பின் வந்த யுவிசி கருவிகளுக்கு டிரைவர் சிடி தேவைப்படவில்லை. இன்று சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் எச்டிஎம்ஐ துண்டுகளில் பலவற்றுக்குள் மேக்ரோசிலிக்கனின் எம்எஸ்2109 சிப் இருக்கிறது. விண்டோஸிலும் மேக்கிலும் லினக்ஸிலும் செருகியதும் கேமராவாக எழுந்து நிற்கிறது. 2012-ல் தொடங்கிய, இலவசமாகக் கிடைக்கும் ஓபிஎஸ் மென்பொருளில் அதைத் தேர்ந்தெடுத்தால் படம். ஒரு ஹாட்கீ வைத்துக்கொண்டால் ஸ்கிரீன்ஷாட். 2020 ஊரடங்கில் எத்தனையோ ஆசிரியர்கள் தாங்களாகவே இதைச் செருகிப் பாடம் எடுத்தார்கள். விளையாட்டை நேரலை செய்யும் பிள்ளைகளுக்கு இது பென்சில் பாக்ஸ் மாதிரி.

மருத்துவத்திலும் இதே மாற்றம்தான். ஸ்கேன் சென்டரில் முன்பு தெர்மல் காகிதத்தில் படம் கொடுப்பார்கள். சில ஆண்டில் வெளிறிவிடும். இன்று எண்டாஸ்கோப்பி, அல்ட்ராசவுண்ட் இயந்திரங்களின் வீடியோ வெளியீட்டைக் கேப்சர் கருவி வழியாகக் கணினிக்குக் கொண்டுவந்து, மருத்துவர் இரண்டு கையும் வேலையில் இருக்கும்போதே காலால் மிதித்துப் படம் எடுக்கிறார். புண் இருந்த இடம் ஆறுமாதம் கழித்து எப்படி இருக்கிறது என்று பக்கத்தில் வைத்து ஒப்பிட முடிகிறது.

சத்தம் போடாத தவறு

இப்போது என் கவலைக்கு வருகிறேன்.

போன ஆண்டு பொறியியல் படிக்கும் ஒரு தம்பி கடைக்கு வந்தார். தன் அப்பா அம்மாவின் கல்யாணக் கேசட்டுகள் மூன்றையும் வீட்டிலேயே கணினிக்கு மாற்றிவிட்டார். தாத்தாவின் முகத்தை மட்டும் தனியே எடுத்துப் பெரிதாகப் போட வேண்டும் என்று பென்டிரைவைக் கொடுத்தார். திறந்து பார்த்தேன். எல்லோரும் குண்டாக இருந்தார்கள். நான்குக்கு மூன்று என்ற அளவில் எடுத்த படம் பதினாறுக்கு ஒன்பது என்று இழுத்து விரிக்கப்பட்டிருந்தது. அசையும் இடமெல்லாம் அரிந்த கோடுகள்.

நடந்தது இதுதான். டெக்கின் மூன்று வண்ண வயரை எச்டிஎம்ஐயாக மாற்றும் ஒரு பெட்டியில் செருகி, அந்தப் பெட்டியிலிருந்து எச்டிஎம்ஐ துண்டுக்குக் கொடுத்திருக்கிறார். மாற்றும் பெட்டி, 576 வரியை 1080 வரியாகப் பெருக்கி, அகலத்தையும் இழுத்து, 25 படத்தை வேறு வேகத்துக்கு மாற்றி அனுப்பிவிட்டது. அகலத்தைச் சரிசெய்ய முடிந்தது. இரண்டு பாதிகளும் பெருக்கத்தில் ஒன்றோடொன்று கலந்துபோனதால் அவற்றைத் திரும்பப் பிரிக்க முடியவில்லை.

"கேசட்டை எடுத்துட்டு வாங்க தம்பி, மறுபடி எடுத்துடலாம்" என்றேன்.

"இல்லண்ணே. மாத்தியாச்சேன்னு பழைய சாமான்காரர்கிட்ட போட்டாச்சு" என்றார்.

அவர்மேல் எனக்குக் கோபமில்லை. திரையில் படம் தெரிந்தது, குரல் கேட்டது, எந்த எச்சரிக்கையும் வரவில்லை. எங்கள் காலத்தில் அமைப்பு தவறினால் படம் கறுப்பு வெள்ளையில் உருளும், கணினி உறையும். தவறு கன்னத்தில் அறைந்தமாதிரி தெரியும். சரியாகும்வரை அடுத்த அடி வைக்கவே முடியாது. அந்தப் பாட்டில்தான் பால் என்ன, பாதிப் படம் என்ன என்று கற்றோம். இன்றைய கருவி எதைக் கொடுத்தாலும் வாங்கிக்கொண்டு, தன் மனம்போல மாற்றிப் பளிச்சென்று காட்டுகிறது. தவறு படத்துக்குள்ளேயே அமைதியாக உட்கார்ந்துகொள்கிறது.

இப்படிப்பட்ட தவறுகள் இன்னும் இருக்கின்றன. யுஎஸ்பி முனை நீல நிறத்தில் இருந்தாலும் உள்ளே ஓடுவது பழைய 2.0 வேகமாக இருக்கும். எம்எஸ்2109 சிப், 48 கிலோஹெர்ட்ஸ் ஸ்டீரியோ ஒலியை 96 கிலோஹெர்ட்ஸ் மோனோ என்று கணினியிடம் சொல்லும். அதை அப்படியே நம்பினால் இடமும் வலமும் ஒன்றாகிவிடும். இந்தக் கருவிகள் கேமரா என்று பதிவாவதால் விண்டோஸில் கேமராவுக்கான தனியுரிமை அனுமதி அணைந்திருந்தால் வெறும் கறுப்புதான் வரும். வீணாகக் கருவியை மாற்றச் சொல்லிக் கடைக்கு வருகிறவர்கள் உண்டு. எச்டிசிபி பாதுகாப்புப் போட்ட சிக்னலிலும் கறுப்புதான். அது பழுது அல்ல, உரிமையாளர் போட்ட பூட்டு.

எல்லாவற்றையும்விட எனக்குப் பயம் தருவது, செயற்கை நுண்ணறிவால் முகத்தைத் தெளிவாக்கும் செயலிகள். விஎச்எஸ் கேசட்டில் ஒரு வரியின் குறுக்கே சுமார் 240 கோடுகளைப் பிரித்தறியும் அளவுக்குத்தான் விவரம் இருக்கிறது. பந்தியின் ஓரத்தில் நிற்கும் ஒருவரின் கண்ணுக்கு அதில் நாலைந்து புள்ளி கிடைத்தால் பெரிது. செயலி அந்த நாலைந்து புள்ளியைப் பார்த்துவிட்டு, இமை, கண்மணி, ஒளிப்பொட்டு எல்லாவற்றையும் வரைந்து தருகிறது. அது அழகாக இருக்கும். ஆனால் அது உங்கள் தாத்தாவின் கண் இல்லை. யார் யாருடைய கண்களையோ பார்த்துக் கணினி ஊகித்த கண். டச்சிங் பெரியவரும் தூரிகையால் திருத்தினார்தான். அவர் எங்கே கைவைத்தார் என்பது எங்களுக்குத் தெரியும்; அசலும் எங்களிடம் இருந்தது.

வீட்டில் செய்வதானால்

கடைக்காரனாக இருந்துகொண்டு சொல்கிறேன்: இதை நீங்களே செய்யலாம். ஆனால் இந்த வரிசையில் செய்யுங்கள்.

முதலில் கேசட். கண்ணாடி ஜன்னல் வழியாக நாடாவின் ஓரத்தைப் பாருங்கள். வெள்ளைப் பொடிபோல் இருந்தால் பூஞ்சை. டெக்கில் போடாதீர்கள், ஹெட்டில் ஒட்டி அடுத்த கேசட்டையும் கெடுக்கும். சுத்தம் செய்யத் தெரிந்தவரிடம் கொடுங்கள். நன்றாக இருந்தால் முதுகுப் பக்கத்தில் இருக்கும் சிறு பிளாஸ்டிக் துண்டை உடைத்துவிடுங்கள். தவறிப்போய் ரெக்கார்டு பொத்தானை அழுத்தினாலும் அழியாது. ஒரு தடவை முழுக்க ஓட்டி, திரும்பச் சுற்றிவிட்டுப் பிறகு எடுங்கள்.

அடுத்து வயர். நடுவில் எச்டிஎம்ஐ மாற்றும் பெட்டி வேண்டாம். மூன்று வண்ண வயரை நேராக வாங்கும் கேப்சர் கருவி இன்றும் கிடைக்கிறது. மஞ்சள் படம், வெள்ளையும் சிவப்பும் ஒலி. டெக்கில் எஸ்-வீடியோ இருந்தால் மஞ்சளுக்குப் பதில் அதை எடுங்கள். நிறமும் வெளிச்சமும் தனித்தனி கம்பியில் வருவதால் ஓரம் சுத்தமாக இருக்கும்.

பிறகு அமைப்பு. ஓபிஎஸ்ஸில் கருவியைச் சேர்த்ததும் 'ஓகே' கொடுத்துவிடாதீர்கள். வீடியோ முறை 'பால் பி'. அளவு 720-க்கு 576. வேகம் 25. வண்ண வடிவம் ஒய்யுஒய்2. ஒலிக்கு அதே கருவியைத் தேர்ந்தெடுங்கள், இல்லையென்றால் மின்விசிறிச் சத்தம்தான் பதிவாகும். பார்ப்பதற்கான பிரதியில் பாதிப் படங்களைப் பிரிக்க 'யாதிஃப் 2எக்ஸ்' வைத்து, வெளியீட்டு வேகத்தை 50 ஆக்கி, அகலத்தை 768 ஆக்குங்கள். படத்தின் அடியில் சில வரிகள் கிழிந்ததுபோல் தெரிந்தால் பயப்படாதீர்கள். டெக்கின் ஹெட் மாறும் இடம் அது. அன்றைய டிவிப் பெட்டி அதைச் சட்டத்துக்குள் மறைத்துவைத்திருந்தது.

அசலாகக் காப்பாற்ற வேண்டிய பிரதியை மட்டும் எதையும் பிரிக்காமல், சுருக்கத்தில் எதையும் இழக்காத கோப்பாக, விர்ச்சுவல்டப் போன்ற மென்பொருளில் எடுத்துவையுங்கள். மணிக்கு 30 ஜிபிக்கு மேல் போகும். போகட்டும். எங்கள் 4.3 ஜிபி காலம் போய்விட்டது. ஒரு டெராபைட் டிஸ்க்கில் ஒரு குடும்பத்தின் எல்லாக் கல்யாணமும் அடங்கும்.

ஐந்து நிமிடம் எடுத்ததும் நிறுத்திச் சோதியுங்கள். மண்டபச் சுவரில் தொங்கும் கடிகாரத்தைத் தேடுங்கள். அது வட்டமாக இருந்தால் அகலம் சரி. தவில்காரரைத் தேடுங்கள், கோல் தோலில் படும் நொடியில் சத்தம் கேட்டால் ஒலி சரி. இதையே கேசட்டின் கடைசிப் பகுதியிலும் பாருங்கள். மூன்று மணி நேரம் ஓடும்போது ஒலி மெல்ல மெல்ல விலகிப்போவது உண்டு. எந்த மென்பொருளும் சொல்லாத உண்மையைக் கடிகாரமும் தவிலும் சொல்லிவிடும்.

ஒற்றைப் படம் வேண்டுமென்றால் எடுத்துவைத்த கோப்பிலிருந்து எடுங்கள். நாற்பது தடவை நாடாவைத் தேய்க்க வேண்டியதில்லை. ஐம்பது படத்தையும் ஒவ்வொன்றாக நகர்த்தி, கண் திறந்திருப்பதை, உதடு விரிந்திருப்பதைத் தேர்ந்தெடுக்கலாம். அன்று எங்களுக்கு வாய்க்காத பெரிய வரம் இது. எந்த அளவில் பிரிண்ட் போட வேண்டும் என்று கேட்டால், சிறிதாகப் போடுங்கள் என்றே சொல்வேன். 720 புள்ளிக்கு நல்ல தெளிவோடு இரண்டரை அங்குலம்தான் கணக்கு. ஆறு அங்குலம்வரை கண் மன்னிக்கும். ஃபிளெக்ஸ் பேனர் அளவுக்கு அந்த முகம் தாங்காது.

கருவி வந்தது, டெக் போகிறது

அன்று டெக் வீட்டுக்கு வீடு இருந்தது, கேப்சர் கருவி அரிது. இன்று கருவி பெட்டிக்கடைச் சரக்கு, ஓடுகிற டெக் அரிது. உலகில் கடைசியாக விசிஆர் செய்துகொண்டிருந்த ஜப்பானின் ஃபுனாய் நிறுவனம் 2016 ஜூலையில் உற்பத்தியை நிறுத்திவிட்டது. என்னிடம் இருக்கும் நான்கு டெக்குகளில் இரண்டை மற்ற இரண்டுக்கும் உதிரிபாகமாக வைத்திருக்கிறேன். ஹெட் தேய்ந்தால் புதிது கிடையாது. பரணில் இருக்கும் நாடாவோ ஒவ்வொரு கோடையிலும் ஒவ்வொரு மழையிலும் கொஞ்சம் கொஞ்சமாகக் காந்தத்தை இழந்துகொண்டிருக்கிறது.

உங்கள் வீட்டுப் பரணில் கேசட் இருந்தால் இந்த வாரமே இறக்கிப் பாருங்கள். நாடா ஓடுகிற நிலையில் இருந்தால் இந்த ஆண்டுக்குள் எடுத்துவிடுங்கள். எடுத்தபின் கடிகாரம் வட்டமாக இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தாலும் கேசட்டைத் தூக்கிப் போடாதீர்கள்.